உள்ளங்கையைத் துடைத்துவிட்டு

திண்டிவனம் ரயிலடிக்கு அந்தப்பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் இருதயமேரி நர்ஸ் பிடித்துப் பார்க்காத நாடி இல்லை. அவள் நாடியைப் பிடித்துப் பார்க்கத்தான் நாதியில்லை. நாற்பது வயசு, கல்யாணமில்லை, மத்தியானச் சோற்றைச் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்பாள். அந்தச் சுவருக்கே சலித்திருக்கும்.

புதுசாக வரும் பெண்களுக்கு அவள் ஒரு பரீட்சை வைத்திருந்தாள். நோயாளியின் ஒரு மணிக்கட்டில் புதுப்பெண்ணின் மூன்று விரல், மறு மணிக்கட்டில் இவளுடைய மூன்று விரல். ஒரு நிமிஷம் வாய் திறக்காமல் எண்ணவேண்டும். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒன்றானால் தேறிவிட்டாள்.

நாற்பத்திரண்டாம் வருஷ ஐப்பசி. கண்டாச்சிபுரத்திலிருந்து வந்து பத்து நாளான சவுரியம்மாள், அன்று காலை ஒரு கிழவியின் நாடியைப் பார்க்கும் முன் முந்தானையால் அவள் உள்ளங்கையைத் துடைத்தாள்.

“இன்னாடி அது?”

“உள்ளங்கை வேர்வை மணிக்கட்டுக்கு இறங்கினா விரல் வழுக்கும்க்கா.”

“நான் சொல்லித் தரலையே.”

“அஞ்சம்மாக்கா சொன்னாங்க. சாயங்காலம் பேதி ஷெட்டுல உக்காத்தி வச்சுக் கத்துக் குடுக்குறாங்களே.”

அன்று நாடியைப் பிடித்ததும் இருதயமேரிக்கு எண்ணிக்கை தவறியது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

ஐந்து வருஷம் முன்பு வாந்திபேதி வந்தபோது அவளிடம் வேலை பழகியவள் அஞ்சம்மாள். “நான் வர்ற வரைக்கும் கையை விடாத, எண்ணிக்கினே இரு” என்று அவளைப் பேதி ஷெட்டில் ஒரு நோயாளியோடு உட்கார்த்திவிட்டு, இருதயமேரி பயத்தில் வீட்டுக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். விடிந்தபோது நோயாளியும் செத்திருந்தான், அஞ்சம்மாளும் செத்திருந்தாள். அவன் மணிக்கட்டிலிருந்து அவள் மூன்று விரலைப் பிரிக்க முடியாமல் இருவரையும் சேர்த்தே புதைத்தார்கள். ராத்திரி முழுக்கக் கூடவே இருந்ததாக இருதயமேரி டாக்டரிடம் சொன்னாள். அன்று அவள் வீட்டில் விளக்கு எரிந்தது எதிர்வீட்டுக்குத் தெரியும். எதிர்வீட்டை யார் கேட்டார்கள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. வார்டில் சவுரியம்மாளைக் காணோம்.

ஷெட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஒரு தடவை அப்படித்தான் போகாமல் இருந்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு, ஆமணக்குப் புதரை ஒதுக்கி, கணுக்கால் அளவு செம்மண் தண்ணீரில் நடந்தாள்; ஐந்து வருஷமாகப் பூட்டிக்கிடந்த ஷெட்டிலிருந்து, இன்றைக்குத்தான் கழுவிவிட்டதுபோலப் பினாயில் நெடி வந்தது. தகரக்கூரை மேல் மழை. அதற்கு அடியில், மழையோடு சேராமல், யாரோ முணுமுணுவென்று எண்ணும் சத்தம்.

பூட்டு தரையில் கிடந்தது.

உள்ளே ஒரே கட்டில். பக்கத்தில் சவுரியம்மாள். மூன்று விரலால் காற்றைப் பிடித்திருந்தாள்.

“எழுந்து வாடி. ஜல்தி.”

“கையை விடக்கூடாதுக்கா. நீங்க வர்ற வரைக்கும் எண்ணணுமாம்.” பெண் சிரித்தாள். “அதான் வந்துட்டீங்களே.”

விரலை எடுத்தாள். எழுந்தாள். தாண்டிப் போனாள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல மழைக்குள் ஓடும் சத்தம்.

பின்னாலேயே போகத் திரும்பினாள் இருதயமேரி. கை வரவில்லை.

ஈரத்துணி ஒன்று அவள் உள்ளங்கையைத் துடைத்தது. மெதுவாக. விரல் விரலாக.

யாருமில்லை.

மணிக்கட்டில் சதை குழிந்தது. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது.

முணுமுணுப்பு நின்றது. பிறகு ஒன்றிலிருந்து தொடங்கியது.