பிரியாத இரண்டு

காலை ஷிப்டு தொடங்கியதும் புளோரா தனிம மீட்பு நிலையத்தின் ஒப்படைப்பு ஜன்னலைத் திறந்தாள். வெளியே வரிசை நின்றது. ஒருவர் கையில் ஓடாத மின்விசிறி மோட்டார், இன்னொருவர் கையில் உடைந்த ஒலிபெருக்கி. குமரிக் கடற்கரையில் கனிம மணல் அள்ளுவது நின்று அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. காந்தம் செய்யத் தேவையான லாந்தனைடு வரிசையின் தனிமங்கள் எல்லாம் இப்போது பழைய பொருள்களிலிருந்துதான் மீண்டு வர வேண்டும். புதுக் காந்தம் வேண்டுமானால் அதே வகைப் பழைய காந்தம் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்; இல்லாதவர்கள் பட்டியலில் காத்திருக்க வேண்டும். அதன் பெயர் மீள்சட்டம்.

கடைசியாக வந்தவர் மீனவர் சூசை. காதிலிருந்த செவிக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நல்லாத்தான வேல செய்யுது, அண்ணே?”

அவருக்குக் கேட்கவில்லை. புளோரா கருவியை எடுத்து அவர் கையில் கொடுத்து, மாட்டச் சொல்லிச் சைகை காட்டினாள்.

“மகளுக்க பிள்ளைக்கி காது கேக்காது, மக்களே. பொறந்து ஆறு மாசம் ஆச்சு. காத்திருப்போர் பட்டியல்ல நாப்பத்தோராவது பேராக்கும். இத எடுத்துட்டு அவளுக்கு ஒண்ணு குடு. நான் கடல் சத்தம் கேட்டது போதும்.”

“அப்பொறம் அவ பேசுறத நீங்க எப்பிடி கேப்பீங்க?”

சூசை மறுபடியும் கருவியைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

“பத்து நாள் பொறுங்க. கருவி உங்க காதிலேயே இருக்கட்டும்.”

அவள் வெறுமனே ஆறுதல் சொல்லவில்லை. அந்தத் தனிமங்களில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் குணத்தில் அச்சு அசல் ஒன்றுபோல. நூற்றுக்கணக்கான முறை கரைத்துக் கழுவித்தான் பிரிக்க முடியும். அப்போதும் கொஞ்சம் பிரியாமல் மிஞ்சும். சட்டம் தூய நியோடிமியத்தை மட்டுமே ஏற்றது. பிரியாத மிச்சம் ஒன்பதாம் தொட்டிக்குக் கழிவாகப் போனது. இரண்டும் சேர்ந்தே நல்ல காந்தமாகும் என்று கல்லூரியிலேயே அவள் படித்திருந்தாள். பதின்மூன்று வருடம் அந்தத் தொட்டியைத் தாண்டி நடந்தும் அதில் காந்தம் செய்யத் தோன்றவில்லையே என்று தன்மீதே கோபம் வந்தது.

பத்தாம் நாள் நிலையத் தலைவர் கனகமணியின் முன் ஒரு தட்டை வைத்தாள். அதில் செவிக்கருவிகளுக்கான நாற்பத்தொரு சிறு காந்தங்கள்.

“சட்டத்துல இதுக்கு எடமில்லியே, புளோரா.”

“கழிவுல காந்தம் செய்யக்கூடாதுன்னும் இல்லியே, சார். அளந்து பாருங்க.”

அவர் இரண்டு முறை அளந்தார். தூய காந்தத்துக்கு இம்மியும் குறையவில்லை. கையெழுத்திட்டுவிட்டு, “தொட்டியில இன்னும் எவ்வளவு கெடக்கு?” என்றார்.

“இந்த மாவட்டத்துக்கே போதும், சார்.”

பட்டியல்படி ஒவ்வொரு குடும்பமாக வந்தது. கடைசியாகச் சூசையின் பேத்தி ரெனியின் முறை. கருவியை இயக்கியதும் அவள் திடுக்கிட்டு வீறிட்டாள். தன் அழுகை தன் காதில் விழவே சட்டென்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக ஒரு சின்னச் சத்தம் எழுப்பிப் பார்த்தாள். மறுபடியும் ஒன்று. சூசைக்கு அது தெளிவாகக் கேட்டது.

“ரெனி!” என்றார்.

குழந்தை திரும்பவில்லை. அது தன் பெயர் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. சூசை மறுபடியும் கூப்பிட்டார்.