கொடுத்தது போக மீதி

காட்பாடி வார்டு குளிரகத்தின் வாசலில் நின்ற வரிசை, சுவரோரம் கிடந்த நிழலை விட்டு விலகாமல் வளைந்து போயிருந்தது. தன் முறை வந்ததும் யாழிசை மணிக்கட்டைத் தகட்டின்மேல் வைத்தாள். தோலுக்கடியில் பதித்திருந்த அடையாளச் சில்லைப் படித்துவிட்டு இயந்திரம் கேட்டது: “இன்றைய குளிர்நேரம் ஆறு மணிநேரம். உங்களுக்கா, பிறருக்கா?”

“ஆறும் பிறருக்கு.”

பின்னால் நின்ற மோனிஷா, ஈரத்துணி போர்த்திய கைக்குழந்தையோடு முன்னால் வந்து தன் கையை வைத்தாள். கதவு திறந்தபோது குளிர்காற்று யாழிசையின் பாதங்களில் பட்டது. கதவு மூடியதும் அவள் குடையை விரித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். தண்ணீர் லாரிகளுக்குத் தெரு ஒதுக்கும் வேலை. அந்த அலுவலகத்தில் மின்விசிறி மட்டும்தான்.

கோடை ஒன்பது மாதமாக நீண்டபின் மின்சாரம் எதற்கும் போதவில்லை. வீட்டு ஏசிகளையெல்லாம் கழற்றிவிட்டு, வார்டுக்கு ஒரு குளிரகம் கட்டி, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று அரசு பங்கிட்டது. திடமான உடம்புக்காரர்கள் அதை வைத்துச் சமாளித்தார்கள். பச்சைக் குழந்தைகளும் டயாலிசிஸ் நோயாளிகளும் சமாளிக்க முடியாமல் செத்தார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காத சிலர் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். ‘நிழற்குடி’ என்று பெயர். தங்கள் குளிர்நேரத்தில் பாதியை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்பதுதான் அவர்கள் செய்துகொண்ட உறுதி.

யாழிசை அங்கே வந்து நான்கு வருடமாகிறது. அவள் கணவன் நிவின் மின்கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது வெயில் தாக்கி இறந்துபோனான். அதன்பிறகு அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. ஒருநாள் நிழற்குடியிலிருந்து ரிஸ்வானா என்ற பெண் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “ஒரு கொழந்தைக்கு அவசரமா குளிர்நேரம் வேணும். நீ எப்படியும் வெளிய வர்றதில்ல. உன்னோடத குடுக்கிறியா?” என்று கேட்டாள்.

கொடுப்பதற்காக யாழிசை குளித்தாள், சேலை மாற்றினாள், குளிரகம் வரை நடந்தாள். மறுநாளும் நடக்க வேண்டியிருந்தது. தன்னால் ஓர் உயிர் பிழைக்கிறது என்பது அவளைச் சோறு தின்ன வைத்தது. நிழற்குடியில் எல்லோரும் சேர்ந்து சமைத்தார்கள். யாருக்கும் தனியாகச் சாப்பிடும் நிலை வரவில்லை. மாதந்தோறும் வந்த மருத்துவர் நெற்றியில் மனமானியை வைத்துப் பார்த்து, “வெளியில இருக்கிறவங்களைவிட உங்க ஆளுங்க மனசு தெம்பா இருக்குங்க,” என்றார். அது பொய்யில்லை.

ஆனால் பாதி என்பது பாதியாக நிற்கவில்லை. முதலில் ரிஸ்வானா ஆறையும் கொடுக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்து, சிறுநீரகக் கல்லோடு அவதிப்படும் பிரசன்னாவும் கொடுத்தார். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தே எல்லோரும். யாரும் வற்புறுத்தவில்லை. ‘முடியலை’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

யாழிசைக்கு இப்போது துக்கம் இல்லை. அழுகையும் வருவதில்லை. மோனிஷாவின் குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தால்கூட, பதிலுக்குச் சிரிக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. அந்த அலுப்புதான் அவளைப் பயமுறுத்தியது.

நிழற்குடியின் வியாழக்கிழமைக் கூட்டத்தில், சாப்பிடுவதற்கு முன், அவள் எழுந்து நின்றாள். “எனக்கு முடியலை,” என்றாள். “நாளைலேர்ந்து...”

முடிப்பதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. முதல் கை பிரசன்னாவுடையது. “என் நேரத்துல ரெண்டு மணி எடுத்துக்கம்மா.” ஜன்னலோரம் இருந்த தம்பதி ஆளுக்கு ஒன்று தருவதாகச் சொன்னார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். எல்லா முகத்திலும் அன்பு இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையமும் இருந்தது.

“வேணாம்!” யாழிசையின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “யாரும் எனக்கு எதுவும் தராதீங்க. என்னோடதுல ஒரு மணியை நானே வச்சுக்கிறேன்னு சொல்ல வந்தேன். அத மட்டும் கேளுங்களேன்.”

உயர்ந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் இருந்தார்கள். ரிஸ்வானா குழம்பைப் பரிமாறத் தொடங்கினாள். அன்று அவள் யாழிசையிடம் பேசவில்லை.

மறுநாள் குளிரகத்தில் இயந்திரம் வழக்கமான கேள்வியைக் கேட்டது. “ஐந்து பிறருக்கு. ஒன்று எனக்கு,” என்றாள் யாழிசை. பின்னால் மோனிஷா நிற்கிறாள் என்று தெரிந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு மோனிஷா. உன் புள்ளைக்குச் சாயங்காலம் ஒரு மணி கொறையும். என்ன பண்ணுவே?”

“கஷ்டந்தான். எங்க அத்தை வூட்ல தரைக்குக் கீழ ரூம் இருக்கு, அங்க இட்டுனு போறேன்.” மோனிஷா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “நீ உள்ள வாக்கா. உன் மொகத்தப் பாத்துக்கினே வாங்கிக்கிறதுக்கு எனக்கு எம்மா நாளா கூச்சமா இருந்துச்சு, தெரியுமா? வேணாம்னு சொல்லவும் வழி இல்ல.”

யாழிசை அவளைப் பார்த்தாள். வாங்குபவளுக்கும் பாரம் இருக்கும் என்று இத்தனை நாளில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளே வரிசையாகச் சாய்நாற்காலிகள். குளிர் முதலில் கழுத்திலும் பிறகு முழங்காலிலும் இறங்கியது. குழந்தையின் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தபடி சாய்ந்தாள். குற்ற உணர்வு போகவில்லை. அதையும் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். காவலர் வந்து, “நேரம் முடிஞ்சுதும்மா,” என்று எழுப்பியபோது நாற்காலிக் கைப்பிடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து திரும்பியபோது ரிஸ்வானா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவின் நுனியை நனைத்துப் பிடரியில் போட்டிருந்தாள். யாழிசைக்கு வழிவிட நகர்ந்தாள். யாழிசை மேலே போகாமல் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

“கோவமாக்கா?”

“கோவந்தான். ஒருத்தர் நிறுத்தினா எல்லாரும் நிறுத்திடுவாங்களோன்னு ராத்திரி முழுக்கப் பயம். அப்புறம் எத்தன கொழந்தைங்களுக்கு நான் பதில் சொல்றது?” ரிஸ்வானா கண்களை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் படியில் மேலும் கீழும் ஆட்கள் போனார்கள். அவள் எல்லோருக்கும் தலையசைத்துச் சிரித்தாள். ஆள் நடமாட்டம் ஓய்ந்தபிறகு கேட்டாள்: “உள்ள என்ன பண்ணே?”

“தூங்கிட்டேன்.”

“கனவு ஏதாச்சும்?”

“ஒண்ணுமே வரலைக்கா.”

ரிஸ்வானா மெதுவாகத் தலையசைத்தாள். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பேசியபோது குரல், அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் இறங்கியிருந்தது.

“நாளைக்கு நானும் வரட்டா யாழி?”