விருந்து வைக்காத வீடு

நேற்று வரை ஜன்னல் திட்டில் நின்ற காபிக் கோப்பை இன்று நிற்கவில்லை. அஸ்கர் இரண்டு முறை வைத்துப் பார்த்தான். திட்டு ஒரு விரல் அளவு குறுகியிருந்தது. மரம் ஈரத்தில் உப்பத்தான் செய்யும் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கோப்பையைத் தரையில் வைத்தான்.

ஆர்ஹுஸ் துறைமுகக் கரையில் நிற்கும் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பை வடிவமைத்தவன் அவன்தான். மற்றவர்கள் கட்டுவதெல்லாம் தீப்பெட்டி, தன்னுடையது மட்டும் உயிர் என்று பேட்டிக்குப் பேட்டி அளப்பான். வளைந்த மரச்சுவர்கள், வேர் போல இறங்கும் தூண்கள், மரப்பொந்து போன்ற வட்ட ஜன்னல்கள். மரத்தில் எந்த ஓட்டை விழுந்தாலும் அது காயம், மரமே அதை மூடிக்கொள்ளும் என்பது அவனுக்கு மிகவும் பிடித்த வசனம். பீரோ வைக்க ஒரு நேர்ச்சுவர்கூட இல்லையே என்று யாராவது புலம்பினால், பீரோவைத் தூக்கிப் போடச் சொல்வான்.

கூரை ஏறிய நாளில் முகட்டில் மாலை கட்டித் தச்சர்களுக்கு விருந்து வைப்பதை டென்மார்க்கில் பரம கஞ்சன்கூடத் தட்டமாட்டான். இந்தக் கட்டடத்துக்குக் கூரை ஏறிய அன்று மேஸ்திரி ஹோல்கர் வந்து கேட்டார்.

"ஆளுக்கு ஒரு சாசேஜ், ரெண்டு பீரு. அதுக்கா இவ்வளவு யோசனை?"

"காட்டுல மரம் வளருதே, அதுக்கு எவனாவது விருந்து வைக்கிறானா? இது தானா வளர்ந்த வீடுய்யா. நீங்க ஆணி அடிச்சவங்க, அவ்வளவுதான்."

"சரி ராசா. அப்போ முகட்டுல வைக்கோல் பொம்மை தொங்கும். கஞ்சன் வீடுன்னு ஊரே சிரிக்கட்டும்."

தொங்கியது, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு. அஸ்கர் அதை இறக்கி, குளிர் தாங்கத் தன் வீட்டுச் சுவருக்குள் திணித்து மூடச் சொன்னான். ஹோல்கர் மூடிவிட்டுப் போனார்.

இன்று கோப்பையைத் தரையில் வைத்த கையோடு போன் அடித்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் போடில் என்ற கிழவி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை.

"அஸ்கர், என் வாசக்கதவைக் காணோம்."

"நல்லாத் தேடிப் பாருங்க. மத்தியானமே ஊத்திக்கிட்டீங்களா?"

"விளையாடாதய்யா. கதவு இருந்த இடத்துல தழும்பு மாதிரி இருக்கு. ஜன்னலும் சின்னதாகுது. கோடாலி ஏதாவது எடுத்துட்டு வாயேன்."

"என் சுவருல கோடாலியா? நாளைக்கு வந்து பாக்குறேன்."

வைத்துவிட்டான். கிழவிகளுக்குத் தீப்பெட்டிதான் லாயக்கு.

டிசம்பர் வெளிச்சம் அதற்குள் வடிந்துவிட்டிருந்தது. அப்போதுதான் வெட்டிய பைன் மரத்தின் பிசின் வாசனை அறை முழுவதும் கனமாக ஏறியது. தரைக்கடியில் ஏதோ தண்ணீரை மெல்ல உறிஞ்சிக் குடிப்பது போல ஒரு சத்தம் தூண் வழியாக ஏறி, வளைந்த சுவருக்குள் சுற்றி, அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பக்கத்துச் சுவரில் யாரோ தட்டினார்கள். வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு தட்டவில்லை.

அவன் அந்தச் சுவரில் கை வைத்தான். சூடாக இருந்தது. மரத்துக்கடியில் ஒரு புடைப்பு. தலை. தோள். விரித்த இரண்டு கைகள்.

அது வைக்கோல் பொம்மைதான் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் பொம்மையை வைத்தது எதிர்ச்சுவரில்.

"போடில்!" என்று கத்தினான். வாசலுக்குத் திரும்பினான். வாசல் இல்லை. நான்கு பக்கமிருந்தும் சுருண்டு வந்து கூடிய மரத்தின் உதடு, நடுவே ஒரு கோடு. நகத்தால் பிறாண்டினான். பிசின் கசிந்தது.

ஜன்னல். தலையையும் தோளையும் அதற்குள் நுழைத்தான். நாலாவது மாடி. குதிக்கலாம், செத்தாலும் பரவாயில்லை. இடுப்பு நுழையவில்லை. வட்டம் சுருங்கியது. கைகளை விரித்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தான். முழுப் பலத்தோடு.

கீழே, பக்கத்துக் கட்டடத்தில் வேலை முடிந்து திரும்பும் ஹோல்கரும் தச்சர்களும் நின்றார்கள். ஒருவன் விளக்கெரிந்த ஜன்னலை நோக்கி விரலை நீட்டினான்.

"ஹோல்கர், அங்க பாருய்யா! கஞ்சன் வீட்டுல மறுபடியும் பொம்மை தொங்குது!"

சிரித்தார்கள். ஹோல்கர் பீர் பாட்டிலை உயர்த்திக் காட்டினார்.

விளிம்பு விலா எலும்பைத் தொட்டது. அஸ்கர் கத்த வாயைத் திறந்தான்.

வாயிலிருந்து வைக்கோல் உதிர்ந்தது.