செம்பு சுற்றும் வேகம்

கோப்பை ஆறவில்லை.

அச்சடித்து எடுத்து ஐந்து நிமிடம் ஆகியும், எழுத்து இருந்த இடம் மட்டும் காய்ச்சல்காரியின் நெற்றி போல மாதவியின் விரலைச் சுட்டது. மற்ற இடமெல்லாம் ஏர்கோன் குளிரில் சில்லென்றுதான் இருந்தது.

அப்படிச் சுடக் கூடாது. வளைந்த பொருள்களில் அச்சடிக்கும் அந்த இயந்திரத்தின் தலை, ஹெட் என்பார்கள், ஒரு சீப்பு நீளம்தான். அதன் ஓரத்தில் ஒரே கோடாகப் பொடிப்பொடியான சூட்டுப் புள்ளிகள். கீழே இரண்டு உருளைகளின் மேல் கோப்பை மெதுவாகச் சுற்றும். நடுவே கறுப்பு ரிப்பன் ஓடும். எந்தப் புள்ளி சுடுகிறதோ அந்த இடத்து மை உருகிக் கோப்பையில் ஒட்டிக்கொள்ளும். ரிப்பனில் அந்த எழுத்து ஓட்டையாகத் தெரியும். கண் இமைப்பதற்குள் சூடு போய்விடும். எட்டு வருஷமாக இதில் சோறு தின்கிறவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிள்ளான் நகரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. சனிக்கிழமை மத்தியானம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தூசி வரக் கூடாதென்று ஜன்னலைப் பலகையால் அடைத்த பின்னறையில் மழையின் இரைச்சல் மட்டும் தகரத்தில் அரிசி கொட்டுவது போலக் கேட்டது. முன்னறை சோபாவில் மகள் ஷாமினி டியூஷன் முடிந்து வந்த அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவளுக்குப் பத்து வயது. வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் இந்தக் கோப்பைகள்.

காலையில் இதே இயந்திரத்தில் நூற்றெட்டுச் செம்பு ஓடியது. அக்கா தங்கமணியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க. 'தோற்றம்' என்று ஒரு தேதி, 'மறைவு' என்று ஒரு தேதி, நடுவே பெயர். அத்தான் சிவநேசன் நேரில் வந்து எடுத்துப்போனார். பெட்டியைத் தூக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"கடைசி வரைக்கும் பிள்ளையத்தான் கேட்டா, மாதவி. நெத்தியத் தொட்டு ஒரு வாட்டி பாத்துக்கிறேன்னா."

"எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க அத்தான்," என்றாள் மாதவி.

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வராது. பிள்ளையில்லாத அக்கா, ஷாமினி பிறந்த நாளிலிருந்தே 'இவ எனக்குப் பொறக்க வேண்டியவ' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் பள்ளிக்கூட வாசலிலேயே பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். இரண்டு ராத்திரி. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துத்தான் பிள்ளை திரும்பி வந்தது. அப்போதும் அக்கா அழவில்லை. வாசலில் நின்று, "என்னிக்கா இருந்தாலும் கூட்டிட்டுப் போவேன்" என்றாள். ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மாதவி பிள்ளையை அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க விடவில்லை. செத்தவள் செத்துத் தொலைந்தாள், இனி நிம்மதி என்றுதான் இருந்தாள்.

சாவு வேலை முடிந்தால் ரிப்பனை வெட்டி எறிய வேண்டும், ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், உதவாத கோப்பை ஒன்றில் பிள்ளையார் சுழி அடித்துவிட்டுத்தான் நல்ல காரியத்தில் கை வைக்க வேண்டும். இது அவள் கணவன் ஜீவன் வைத்திருந்த வழக்கம். இன்று அவள் செய்யவில்லை. அக்காவுக்கு இது ஒரு கேடா என்ற ஆத்திரம். போதாததற்கு, செம்புக்குப் போட்ட ஃபைலையே எடுத்து, தங்கமணியை அழித்து ஷாமினி என்று அடித்தாள். பிறந்த தேதியை மாற்றினாள். 'மறைவு' வரியை நீக்கினாள். ஆமாம், நீக்கினாள். நன்றாக நினைவிருந்தது.

இரண்டாவது கோப்பையை உருளையில் வைத்தாள். சுற்றியது. எடுத்துப் பார்த்தாள்.

தேதிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்திருந்தது.

மூன்றாவது கோப்பையில் அது தெளிவாக வந்தது. மறைவு. பக்கத்தில் ஒரு தேதி. அக்காவின் தேதி இல்லை.

இன்றைய தேதி.

திரையைப் பார்த்தாள். அந்த வரி அங்கே இல்லை. ஜீவனைப் போனில் அழைத்தாள். அவன் பிரிக்ஃபீல்ட்ஸில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

"பழைய ஃபைல் மெமரியில நிக்கும் லா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு," என்றான். பிறகு சற்று நிறுத்தி, "ஒங்கக்கா வேலைக்கப்புறம் ரிப்பன் வெட்டினதானே?"

"வெட்டிட்டேன்," என்று பொய் சொன்னாள்.

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள். இயந்திரத்தின் விசிறிச் சத்தம் அடங்கியது. மழை மட்டும். ஆனால் ஹெட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனபோது அனல் அடித்தது. உருகிய மெழுகின் வாடை, அதற்கடியில் மூத்திரமும் டெட்டாலும் கலந்த ஆஸ்பத்திரி வார்டின் வாடை.

ஓடி முடிந்த ரிப்பனை உருவி டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். தங்கமணி, தங்கமணி, தங்கமணி என்று கெஜக்கணக்கில் போனது. எல்லாம் செம்புக்கு அமைத்த கோணல் எழுத்து. அடிவயிறு பெருத்த செம்பில் எழுத்து நேராக விழ வேண்டுமென்றால் முன்கூட்டியே அதைக் கோணலாக அமைக்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கோணல். ரிப்பனைப் பார்த்தே அது எந்தச் சாமானுக்கு என்று மாதவி சொல்லிவிடுவாள். கடைசியில் ஷாமினி, மூன்று முறை. கோப்பைக்கான நேர் எழுத்து.

அதோடு முடிய வேண்டும்.

முடியவில்லை. ஹெட்டைத் தாண்டி, இந்தப் பக்கம், இன்னும் ஓடாத புது ரிப்பனிலும் எழுத்து இருந்தது. இன்னும் எதன் மேலும் படாத ரிப்பன். அதில் மை ஏற்கெனவே போயிருந்தது. ஷாமினி. தோற்றம். மறைவு.

இந்த எழுத்தும் கோணல். ஆனால் செம்பின் கோணல் இல்லை. கோப்பையும் இல்லை. நடுவில் லேசாகப் புடைத்து, இரண்டு ஓரமும் பின்னால் சரிந்து, மேலே போகப்போக உள்வாங்கும் ஏதோ ஒன்று. சின்னது. நாலு விரல் உயரம். இப்படி ஒரு சாமான் கடையில் இல்லையே என்று அவள் கை தானாகவே காற்றில் அந்த வளைவைத் தடவிப் பார்த்தது.

கைக்குத் தெரிந்துவிட்டது. தினமும் எண்ணெய் வைத்துச் சீவுகிற கை.

ஓடினாள்.

முன்னறையிலும் மெழுகு வாடை. சோபாவில் ஷாமினி மல்லாந்து படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது.

"அம்மா," என்றாள், தூக்கக் குரலில். "பெரியம்மா நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. கை ரொம்பச் சுடுதும்மா."

"யாரும் வரலடா. யாரும் வரல."

முன்முடியை விலக்கினாள். கோணல் இல்லை. அப்பழுக்கில்லாமல், நேராக, கறுப்பாக, அவள் பார்வைக்கு இடது நெற்றிப்பொட்டிலிருந்து தொடங்கி எழுத்து ஏறியிருந்தது. பெயர் முழுதாக. தோற்றம் முழுதாக. 'மறைவு' பாதி.

முந்தானையால் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது. எழுத்து போகவில்லை.

"அக்கா, வேணாம்," என்றாள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கெஞ்சினாள். "அக்கா, தப்புதான். நான் செஞ்சது தப்புதான். விட்டுடு."

பின்னறையில் உருளை சுற்ற ஆரம்பித்தது. பிளக் தரையில் கிடந்தது. அவளே பிடுங்கிப் போட்டது.

தலையணை மேல் ஷாமினியின் தலை இடது பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. மெதுவாக. ஒரே சீராக. கன்னம் தலையணையைத் தொட்டது. நெற்றியில் புள்ளி புள்ளியாக அடுத்த எழுத்து எழுந்தது.

மாதவி இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். நிறுத்த முடியவில்லை. அந்த வேகம் அவளுக்குத் தெரியும். காலையில் செம்புக்கு அவளே வைத்த வேகம்.

"அம்மா, வலிக்குது."

முகவாய் தோளைத் தொட்டது.

செம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் நிற்கும்.