தெற்குக் காற்றில் காய்ந்த பஞ்சு

ஊரே நனைந்து கிடக்கும்போது அந்தப் பஞ்சு மட்டும் எப்படிக் காய்ந்தது?

யூட்-மெய் அதைக் கித்தாருக்குள்ளிருந்து எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். மொறுமொறுவென்றது. வடகாற்று அடிக்கும் குளிர்காலத்தில் கித்தாரின் பலகை வறண்டு வெடித்துவிடாமலிருக்க, இப்படி ஒரு துண்டு நுரைப்பஞ்சை நனைத்து நடுத்துளைக்குள் தொங்கவிடுவார்கள். ஈரத்தைச் சுமந்துகொண்டு தெற்குக் காற்று திரும்பினால் முதல் வேலையாக அதை எடுத்துவிட வேண்டும். இந்த வருஷம் மறந்துபோனாள். குளிர் தொடங்கும்போதே கணவன் குவாக்-சிங்கைப் பறிகொடுத்தவளுக்கு வேறென்னதான் ஞாபகம் இருக்கும், பாவம்!

குவாங்சோவில் அந்த வாரம் சுவர்களெல்லாம் வியர்த்துக் கொட்டின. மாடியிலிருந்த கித்தார்ப் பட்டறையின் தரையில் செருப்பு வழுக்கியது, துவைத்த துணியில் பூசண வாடை அடித்தது, ஜன்னல் கண்ணாடியில் தெருவே தெரியவில்லை. சிங் தன் கையால் செய்து சாயங்காலங்களில் வாசித்த கித்தாரின் வயிறு உப்பியிருந்தது. தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு அடியில் காகிதம் நுழையுமளவு பசை விட்டிருந்தது. அதுவும் பிளந்துவிட்டால் வீட்டில் அவளுக்கு யார் துணை?

கீழே மூலிகைக் கஷாயம் விற்கும் ஆ-ஃபோக் கோப்பையோடு மேலே வந்தான்.

"அண்ணி, ஜன்னலத் தொறந்துகிறந்து வெச்சிராதீங்க. அப்புறம் வீட்டுக்குள்ளயே மீன் வளக்கலாம்."

"பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கேன். எனக்கே சொல்லிக்குடு."

"அட, சிரிச்சிட்டீங்களே!" கித்தாரைப் பார்த்ததும் அவன் குரல் தணிந்தது. "அண்ணனோடதா? தேறிடுமா?"

"உலர வெச்சா தேறிடும்."

அவன் இறங்கிப் போனதும் வீடு பழையபடி வாயை மூடிக்கொண்டது. அவள் ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் நாடா ஒட்டி, கித்தாரை உலர்த்தும் அலமாரியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை முடுக்கினாள். அது உறுமிக்கொண்டே தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. வேறு யாரோ வீட்டில் நடமாடுவது போலிருந்ததால் அந்தச் சத்தம்கூட அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் மத்தியானம் அலமாரியில் ஈரம் காட்டும் முள் நன்றாக இறங்கியிருந்தது. காற்று காய்ந்துவிட்டது. கித்தாரின் வயிறோ இன்னும் உப்பியிருந்தது. தூக்கினால் கனத்தது. துளையருகே முகத்தைக் கொண்டுபோனாள். மரவாசமும் பசைவாசமும் வரவேண்டிய இடத்திலிருந்து மருந்தும் பல் துலக்காத வாயும் கலந்த வாடை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் நாள்கணக்கில் உட்கார்ந்து முகர்ந்த வாடை.

உள்ளே பலகையைத் தாங்கும் சட்டங்கள் பசை விட்டிருக்கின்றனவா என்று பார்க்க, நீளக் காம்பு வைத்த சிறிய கண்ணாடியைத் துளைக்குள் விட்டாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். ஆவி படிந்தது, மெல்லத் தெளிந்தது, மறுபடி படிந்தது. தூங்குகிறவன் மூச்சு விடுவது போல.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பஞ்சு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது, உதட்டை மட்டும் நனையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மெய்... தண்ணி" என்று சிங் கெஞ்சக் கெஞ்ச, அவள் தலையாட்டி மறுத்துவிட்டு இந்தப் பஞ்சால்தான் உதட்டை ஒற்றினாள். அவன் போனபிறகு, நல்ல பஞ்சு, வீணாக்குவானேன் என்று அலசி, கித்தாருக்குள் போட்டாள். பட்டறைக்காரர்களுக்கு எதையும் தூக்கி எறியத் தெரியாது.

துளைக்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

ட்க்.

உலர்த்தினால் கித்தார் பிழைக்கும். உள்ளே மூச்சுவிடுவது நின்றுவிடும். மறுபடியும் அவளே அவனைத் தாகத்தில் விட்டதாக ஆகும். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தத் தடவ மறுக்க மாட்டேங்க," என்றாள்.

நாடாவைக் கிழித்தாள். அந்த ஊரில் யாருமே செய்யாததைச் செய்தாள்: தெற்குக் காற்றுக்கு ஜன்னல்களை விரியத் திறந்தாள். பஞ்சை நனைத்துத் துளைக்குள் இறக்கினாள். யாரோ அதைக் கவ்வி உறிஞ்சினார்கள். இழுத்தாள். காய்ந்திருந்தது. நனைத்தாள். காய்ந்தது. தந்திக்கட்டை படாரென்று பிய்ந்து பறந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

வாளி காலி. இயந்திரத்தின் தட்டு காலி. குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

சுவரைத் தொட்டாள். காய்ந்திருந்தது. தரையில் புழுதி. கன்னத்தில் கண்ணீர் இருந்த இடத்தில் உப்பு மட்டும்.

போதுமா என்று கேட்க வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ட்க்.

துளைக்குள் விட்டிருந்த கண்ணாடி தெளிந்திருந்தது. அதில் சிங்கின் இரண்டு உதடுகள். வெளுத்து, வெடித்து, தோலுரிந்து. அவள் பக்கம் திரும்பி, இன்னும் திறந்தபடி.