கரும்பலகையில் ஏறாத பெயர்

மங்கை உட்காரவில்லை. மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஜானட்டின் முன்னறையில் இரண்டு எட்டு இந்தப் பக்கம், இரண்டு எட்டு அந்தப் பக்கம் நடந்துகொண்டே பேசினாள்.

"அஞ்சு மணி வரிக்கும்தான் டைமு கீதுக்கா. அதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு அந்தப் போர்டுல எழுதணுமாம். எழுதலன்னா நாளைலேர்ந்து வராதன்ட்டாரு மொதலாளி. இவரு இன்னாடான்னா, செய்யாததுக்கு என் கை எழுதாதுன்னு குந்திகினு கீறாரு."

ஜானட் முப்பது வருஷம் துறைமுகத்தில் நனைந்த சரக்கையும் உடைந்த சரக்கையும் பார்த்து, யார் தவறு என்று சொல்லிச் சம்பாதித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் ராயபுரத்தில் யாருக்கும் அது மறக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஃபிர்தௌஸ், பேச்சு காதில் விழுந்த மறுநிமிடம் ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்து நின்றாள்.

விஷயம் இதுதான். சங்கரநாராயணனின் பருப்பு குடோனில் மங்கையின் கணவர் கோதண்டம் பதினொரு வருஷமாக மூட்டை தூக்குகிறார். சனிக்கிழமை மதியம் பூட்டினார். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை திறந்தால் முற்றத்துக் குழாய் திறந்தபடி கிடந்தது. அறுபது மூட்டை உளுந்து நன்றாக ஊறி, அரைக்க வேண்டியது மட்டும் பாக்கி.

குடோன் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தப்புச் செய்தவர் தன் பெயரோடு தன் கையால் எழுத வேண்டும். ஒரு வாரம் இருக்கும், பிறகு அழித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலாளி வகுத்த சட்டம், நல்ல சட்டம். எழுதிய எவரையும் அவர் வேலையை விட்டு அனுப்பியதில்லை. அவர் பெயர் மட்டும் இருபது வருஷத்தில் ஒருமுறையும் அதில் ஏறவில்லை. பலகையை வாங்கியவர் அவர் என்பதால் இருக்கலாம்.

மூவரும் குடோனுக்குப் போனபோது மணி நாலு. வாசலில் முதலாளியின் புதுக் கார் நின்றது. வெளியே கன்டெய்னர் லாரிகள் போகப் போகச் சுவர் நடுங்கியது. சங்கரநாராயணன் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி ஓர் இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார்.

"சாவி எங்க மூணு பேர்ட்டதாம்மா இருக்கு," என்றார். "கணக்கப்பிள்ளை இசக்கிப்பாண்டி சனி ஞாயிறு ரெண்டு நாளும் அத்திப்பட்டுல லோடு எறக்கிட்டு இருந்தான். எனக்குச் சனிக்கெழம சாயங்காலம் ஒரு சாவு, மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் ஊர்வலத்தோடயே நடந்து போனேன். இந்தப் பக்கமே வரல. பொறவு குழாய் தானாவா தொறந்துச்சு?"

ஃபிர்தௌஸ், கரும்பலகைக்குக் கீழே குந்தியிருந்த கோதண்டத்தின் காதருகே போனாள். "எழுதிட்டுப் போயேண்ணே. வேலையாச்சும் மிஞ்சும்ல."

"மன்னிச்சுடுவாரு, தெரியும்மா. செய்யாததுக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு?"

ஜானட் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது.

"பகல்ல வராதுக்கா," என்றார் கோதண்டம். "ஒரு நாள் வுட்டு ஒரு நாள், வெடிகாலைல. ஞாயித்துக்கெயம மொற. மத்த நேரத்துல எல்லாம் இந்த டிரம்முதான்." குழாயை ஒட்டி நீல டிரம் ஒன்று, மேலே ஒரு மக்.

ஜானட் குனிந்து, சாக்கடை வாயின் சல்லடையிலிருந்து கொண்டை ஊசியால் எதையோ எடுத்தார். இரண்டு ரோஜா இதழ்கள், உப்பிய பொரி கொஞ்சம்.

"பொரி," என்று கிசுகிசுத்தாள் ஃபிர்தௌஸ். "சாயங்காலம் மூட்ட தூக்குறவங்க திங்கிறது. அக்கா, அப்போ இவருதானோ?"

ஜானட் கோதண்டத்திடம் கேட்டார்: "பூட்டுறதுக்கு முன்னாடி கூட்டினீங்களா?"

"சல்லடைல கீற தூசி வரிக்கும் எடுத்துட்டுதான் பூட்டுனேன்."

"அதுல அவன் சுத்தக்காரன்தான்," என்று முதலாளியே ஒத்துக்கொண்டார்.

"அப்ப இது பூட்டுனதுக்கு அப்புறம் வந்தது. நடந்தே போனீங்கன்னா, உங்க புதுக் கார் எங்க இருந்துச்சு?"

"அங்க நிறுத்த எடம் ஏது? அதான் இங்க முத்தத்துல..."

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

ஜானட் குரலை உயர்த்தவில்லை. "திங்கிற பொரியில பொட்டுக்கடலை இருக்கும் ஃபிர்தௌஸ், ரோஜா இருக்காது. இது பாடைக்கு முன்னாடி இறைக்கிறது, ஊர்வலத்துல நடந்த காலோட ஒட்டிக்கிட்டு வரும். இங்க வேலை செய்யிறவங்க யாரும் பகல்ல இந்தக் குழாயத் திருக மாட்டாங்க, டிரம்மிலதான் மொள்ளுவாங்க. திருகினா, எந்நேரமும் குழாயில தண்ணி கொட்டுற வீட்டுல இருக்கிறவர்தான் திருகுவார். சுடுகாட்டுக்குப் போன கையை நாலு பேர் புழங்குற டிரம்முல விட அவருக்கு மனசு வரல. குழாயிலயும் வரல. கார்ல பாட்டில் தண்ணி இருந்திருக்கும், ஊத்திக் காலைக் கழுவிட்டு ஏறிட்டார். வராத குழாயை யார் மூடுவாங்க? ஞாயித்துக்கிழமை காலைல அது வந்துடுச்சு."

சங்கரநாராயணன் சல்லடையையே பார்த்தார். "தண்ணியே வரலியேம்மா. தொறந்தோம்ங்கிற நெனப்பே இல்ல. திங்கக்கெழம பாத்ததும்தான்..."

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது. ஆனா நஷ்டம் பூரா எனக்குன்னுதானே சொன்னேன்? அவன்ட்ட நான் ஒண்ணும் கேக்கலியே. ஒரு வரி எழுதுனா முடிஞ்சுது."

"நஷ்டத்தை நீங்க வச்சுக்கிட்டீங்க. தப்பை மட்டும் அவர் முதுகுல ஏத்தப் பாத்தீங்க. மூட்டை தூக்குறவர்தானேன்னு நெனச்சுட்டீங்க."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. கணக்கப்பிள்ளை இசக்கிப்பாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சங்கரநாராயணன் சாக்பீஸை எடுத்தார். முதலில் பெயர், பிறகு, 'குழாயை மூடவில்லை.' எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

கோதண்டம் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "மொதலாளி, இன்னொரு வரி கீதே."

ஒரு லாரி போய் முடிந்தது. சங்கரநாராயணன் மறுபடி திரும்பி எழுதினார்: 'அதைக் கோதண்டம் மேல் போட்டேன்.' பாதியில் சாக்பீஸ் உடைந்தது. மீதியை உடைந்த துண்டாலேயே எழுதி முடித்தார்.

மங்கை அப்போதுதான் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஈரம்," என்றாள் ஃபிர்தௌஸ்.

"இருக்கட்டும்," என்றாள் மங்கை.