மூன்று நிமிடம் பிந்தும் ஊர்

எங்கள் குட் பேஷன்ஸ் கிராமத்தில் எல்லாக் கடிகாரங்களும் மூன்று நிமிடம் பின்னால்தான் ஓடும்.

தலைநகர் ஜார்ஜ்டவுன் வானொலி ஒன்பது மணி என்று சொன்னால் நாங்கள் நம்பமாட்டோம். பள்ளிக்கூட மணி அடிக்கட்டும் என்று காத்திருப்போம். அது அடித்த பிறகுதான் எங்களுக்கு ஒன்பது. வானொலிக்காரர்களுக்கு எப்போதும் அவசரம் என்பது ஊரின் முடிவு.

உண்மையான காரணம் மூன்று பேருக்குத்தான் தெரியும். தலைமை ஆசிரியை மிஸ் ஜஸோத்ராவுக்கு, ஐந்தாம் வகுப்பு ரஜ்வந்திக்கு, அப்புறம் எனக்கு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வீட்டு ஜன்னல் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஜன்னலை அங்கே வைத்தது நான் இல்லை.

ரஜ்வந்தியின் வீடு நெல்வயல்களுக்கு அந்தப் பக்கம். தினமும் கால்வாயில் சின்னப் படகைத் துடுப்புப் போட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். கடல் காற்று எதிரே வீசும். என்னதான் சீக்கிரம் கிளம்பினாலும் சரியாக மூன்று நிமிடம் தாமதமாகிவிடும்.

மிஸ் ஜஸோத்ரா ஒன்பது மணிக்கு மணிக்கயிற்றைக் கையில் பிடிப்பார். ஆனால் இழுக்கமாட்டார். செருப்பில் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்து நிற்பார். கால்வாய் வளைவில் படகு தெரியும். ரஜ்வந்தி படிக்கட்டில் கால் வைப்பாள். அப்போதுதான் மணி அடிக்கும்.

வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'தாமதம்' என்று இதுவரை ஒருநாள்கூட எழுதப்பட்டதில்லை.

அந்த மிஸ் ஜஸோத்ராதான் இப்போது ஓய்வு பெறுகிறார். திங்கட்கிழமை விமானம் ஏறி டொரோன்டோவில் இருக்கும் மகனிடம் போகிறார்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் இந்த ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது. கரும்பு வெட்டப் போகிற பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். மிஸ்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயரமான தூண்கள்மேல் கட்டிய கடை வீட்டின் அடியில் பதினோரு பிள்ளைகளை அரிசி மூட்டைகள்மேல் உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். இன்று அந்தப் பள்ளியில் படித்துப் போன நர்சுகள் மட்டுமே இருபத்திரண்டு பேர். ஒருத்தி விமானம் ஓட்டுகிறாள். அவள் விமானம் போகும்போதெல்லாம் ஊரே அண்ணாந்து பார்க்கும். அது அவள் விமானம்தானா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் ஒரே மூட்டையில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் இப்போது கடைக்காரர் சுக்நானன். இன்னொருவர் நெல் ஆலை முதலாளி ராம்தேஹல். பள்ளிக் கூரை காற்றில் பறந்தபோது புதுத் தகரம் போட்டுக் கொடுத்தவர் சுக்நானன். மூட்டைகளைத் தூக்கிவிட்டு நல்ல மரத்தில் பெஞ்சுகள் செய்து கொடுத்தவர் ராம்தேஹல். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஒரே அறையில் இல்லாதவரை.

மிஸ்ஸுக்கு வழியனுப்பு விழா நடத்த ஊர்க்கூட்டம் கூடியது. ஏழு வகைக் காய்கறியோடு சோறு போடும் ஏழு கறி விருந்து என்று உடனே முடிவாயிற்று. முதல் மாலையை யார் போடுவது என்ற கேள்வியில்தான் கூட்டம் மாட்டிக்கொண்டது.

கூரை இல்லாமல் பெஞ்சு எதற்கு என்றார் சுக்நானன். பெஞ்சு இல்லாத கூரையின் கீழ் பிள்ளைகள் என்ன நின்றுகொண்டா படிப்பார்கள் என்று ராம்தேஹல் கேட்டார். இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் ஒருவர் தன் கடை வீட்டின் அடியில் விழா என்றார். மற்றவர் தன் ஆலை முற்றத்தில் விழா என்றார். இரண்டும் ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு. இரண்டுக்கும் முழு ஊருக்கும் அழைப்பு.

ஏழு கறியைத் தாமரை இலையில்தான் சாப்பிட வேண்டும். அந்தத் தாமரை, ரஜ்வந்தி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் மட்டும்தான் படர்ந்திருக்கிறது. பெரிய படகுகள் கொடியில் சிக்கிக்கொள்ளும். அவளுடைய சின்னப் படகு மட்டும் நழுவிப் போய்வரும். அதனால் வெள்ளிக்கிழமை கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு, ஊரில் இருநூற்று நாற்பது பேர், அத்தனை இலை வேண்டும் என்றார். ஒரு மணி நேரம் கழித்து ஆலைக்காரரும் கூப்பிட்டு அதையே சொன்னார்.

இரண்டு பேரிடமும் ரஜ்வந்தி ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"மிஸ்ஸோட விழாவுக்குத்தானே அங்கிள்? இலை வந்துரும்."

அன்று மாலை அவள் மிஸ் வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கு எதிர் வீடுதான். மிஸ் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஞாயித்துக்கிழமை நீங்க எந்த விழாவுக்குப் போவீங்க?"

மிஸ் முடிச்சை இறுக்கினார். "ஒண்ணுக்குப் போனா இன்னொருத்தன் மூஞ்சியைத் தூக்கிவெச்சுக்குவான். எனக்குத் தெரிஞ்சது ஒரே பள்ளிக்கூடம், ரஜ்வந்தி. ரெண்டு விழாவுக்குப் போற வழி எனக்குத் தெரியாது. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. ரஜ்வந்தி கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் இருந்த ஊரைவிட்டு, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், மிஸ் இந்தப் பெட்டிகளோடு போய்விடுவார்.

சனிக்கிழமை அவள் இரண்டு இடத்துக்கும் நடந்தாள். விழாவைச் சேர்த்து நடத்தக்கூடாதா என்று கேட்டாள். தாராளமாக, அவன் என் வீட்டுக்கு வரட்டும் என்றார் சுக்நானன். தாராளமாக, அவன் என் ஆலைக்கு வரட்டும் என்றார் ராம்தேஹல். இரண்டு பேரும் அவளுக்கு ஒவ்வொரு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அவள் இரண்டு மிட்டாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இரண்டும் ஒரே மிட்டாய். ஆலைக்காரர் மிட்டாய் வாங்குவதும் அந்தக் கடையில்தான்.

என் வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள். எதையோ கண்டுபிடித்தவள்போலத் தலையை ஆட்டினாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை ஆன்டி என்றாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஞாயிறு வெளுப்பதற்குள் அவள் படகு தாமரைக்குள் போய்விட்டது. நானூற்று எண்பது இலை பறிக்கவில்லை. வீடு வீடாக மனதில் எண்ணி, ஒரு வாய்க்கு ஒரு இலை என்றுதான் பறித்தாள். மூன்று நடை அடித்தாள். ஒவ்வொரு நடைக்கும் படகு பள்ளிப் படிக்கட்டில்தான் வந்து நின்றது. இலைகளைக் கழுவி, பள்ளியின் நீளமான கூடத்தில், புதுத் தகரக் கூரையின் கீழ், பெஞ்சுகளின்மேல் ஒவ்வொன்றாக விரித்தாள்.

பதினோரு மணிக்குக் கடை வீட்டின் அடியில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. ஆலை முற்றத்தில் மீதிப் பாதி. இரண்டு இடத்திலும் பூசணிக்காய் மணந்தது. பலாக்காய், கத்தரிக்காய், சேம்பு, கீரை, மாங்காய், கடலையும் உருளைக்கிழங்கும் எல்லாம் தயார். இலை மட்டும் இல்லை.

சுக்நானன் தன் கடையில் இருந்த பிளாஸ்டிக் தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "ஏழு கறியைப் பிளாஸ்டிக் தட்டுலயா? ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாங்க?" நாலு பேர் என்று சொல்லும்போது அவர் என் பக்கம் பார்த்ததை நான் கவனிக்காமல் இல்லை.

இலை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்ற செய்தி அதற்குள் வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. ஆலைப் பக்கமும் அதே ஆள்தான் போய்ச் சொன்னாள்.

கடைக்காரர் ஒரு பக்கத்திலிருந்தும் ஆலைக்காரர் மறுபக்கத்திலிருந்தும் வேகவேகமாக வந்தார்கள். இருவர் கையிலும் மாலை இருந்தது. பள்ளி வாசலில் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள். வாசல் அகலம் போதவில்லை.

"என் இலை எது?" என்றார் சுக்நானன்.

"என் இலை எங்கே?" என்றார் ராம்தேஹல்.

ரஜ்வந்தி அவர்கள் எதிரே வந்து நின்றாள். சுக்நானனைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாமே மிஸ்ஸோட விழாவுக்கு வந்த இலை அங்கிள். கூரை உங்களுது, பெஞ்சு அவங்களுது. ரெண்டும் ஒண்ணா இருக்கற இடம் நம்ம ஊர்ல இது மட்டும்தான்."

சுக்நானன் மேலே பார்த்தார். ராம்தேஹல் கீழே பார்த்தார். இலைகளோ ஒன்றை ஒன்று தொட்டபடி வரிசையாக விரிந்துகிடந்தன. எங்கே பிரித்து எடுப்பது? யாராவது ஒருவர் பேசியிருந்தால் சண்டை மறுபடியும் தொடங்கியிருக்கும். ஆனால் அதற்குள் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. சுக்நானன் மனைவி, சோறு ஆறிப்போகிறது என்று சொல்லி, பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எதிர்ப்பக்கம் ஆலையின் டிராக்டரில் ராம்தேஹல் மனைவி வந்துகொண்டிருந்தார். பானைகளுக்குப் பின்னால் ஊர் வந்தது, இலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்தது. பசித்தவர்கள் கட்சி பார்ப்பதில்லை.

இப்போது ஒருவர் மட்டும்தான் வரவில்லை.

ரஜ்வந்தி மணிக்கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள். விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மணி அடித்தால் மிஸ் ஜஸோத்ரா சும்மா இருப்பாரா? எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தோளில் கயிற்றுச் சுருள், ஒரு காலில் பச்சைச் செருப்பு, மறு காலில் நீலச் செருப்பு. "யாரது? லீவு நாள்ல யாரு மணி அடிக்கறது?" என்று கேட்டபடியே படியேறி வந்தவர், வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

இருநூற்று முப்பத்தெட்டுப் பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நரைத்த தலைகளும் எழுந்தன, தொந்திகளும் எழுந்தன, கைக்குழந்தையோடு இருந்தவர்களும் எழுந்தார்கள். "காலை வணக்கம், மிஸ்" என்று இழுத்து இழுத்துச் சொன்னார்கள், மதியம் பன்னிரண்டு மணிக்கு. நானும்தான் சொன்னேன். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தி என்பதை எங்கேயாவது சொல்ல வேண்டாமா?

மிஸ் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பழைய குரல் வந்துவிட்டது.

சுக்நானனும் ராம்தேஹலும் ஒரே நேரத்தில் மாலையை நீட்டினார்கள்.

"அன்னைக்கு மூட்டைக்குச் சண்டை. இன்னைக்கு மாலைக்கா?" என்றார் மிஸ். "நான் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு."

மூன்று என்றதும் இரண்டு பேரும் பாய்ந்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன. மாலைகள் எப்படியோ மிஸ் கழுத்துக்கு வந்து சேர்ந்தன. ஊர் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

பிறகு மிஸ் ஒருவர் கையில் சோற்று வாளியையும் மற்றவர் கையில் கரண்டியையும் கொடுத்தார். ஊரின் இரண்டு பெரிய மனிதர்களும் வரிசை வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போனார்கள். யார் வீட்டுப் பூசணிக்காய் ருசி என்று அவர்கள் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டியாயிற்று.

எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ரஜ்வந்திக்கு இலை இல்லை. ஊரையே எண்ணியவள், மிஸ்ஸையும் எண்ணியவள், தன்னை எண்ண மறந்துவிட்டாள். போய் ஒன்று பறித்து வருகிறேன் என்று படகுப் பக்கம் திரும்பினாள்.

மிஸ் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"தாமரை இலை பெருசுதான். வா, உக்காரு."

இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் மிஸ், ஏன் அவ்வளவு நேரம் மணியை விடாமல் அடித்தாய் என்று கேட்டார்.

"நீங்க வர்ற வரைக்கும் அடிச்சேன் மிஸ். தினமும் நான் வர்ற வரைக்கும் நீங்க அடிக்காம இருந்தீங்களே."

மிஸ் தன் பக்கம் இருந்த மாங்காயை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

திங்கட்கிழமை மிஸ் போய்விட்டார். போவதற்கு முன் புதுத் தலைமை ஆசிரியரின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது ஜன்னல்வரை கேட்கவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை வானொலி ஒன்பது என்றபோது, புது ஆசிரியர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.